இரண்டுக்கும் ஒரே எண்

வீட்டுக் கணினிக்கு இணைய எண் கொடுப்பது ரொம்பச் சின்ன வேலை, டாக்டர். குக்கர் மூடியில் வளையம் மாட்டத் தெரிந்தவர்கள் யாரும் செய்துவிடலாம். அமைப்புகளுக்குள் போய் அந்தப் பட்டியலைத் திறந்தால் இரண்டே இரண்டு வழிதான் இருக்கும். எண்ணைத் தானாக வாங்கிக்கொள் என்பது ஒன்று. எண்ணை நானே கையால் எழுதுகிறேன் என்பது இன்னொன்று. முதலாவதைத் தொட்டால் அத்தோடு வேலை முடிந்தது. பாதிப் பேர் வீட்டில் பெட்டியைப் பிரித்த நாளிலிருந்து அப்படித்தான் இருக்கிறது. அப்படி ஒரு சங்கதி இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. கொடுத்துவைத்தவர்கள்.

நீங்கள் கேட்டது வேறு கேள்வி என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. என் மகள் எந்த நாளிலிருந்து சுவிட்சைத் தொடுவதில்லை என்று கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன். என் தம்பியை வெளியே உட்காரச் சொன்னது நல்லதாகப் போயிற்று. நடுவில் அழுதுவைப்பான், எனக்குப் பேச்சு கோவையாக வராது.

நான் இருபத்தாறு வருஷம் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். நாலு மாடி, இருநூற்றுப் பத்துக் கணினி. ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தது நான். தெருவில் வீட்டுக்கு வீடு கதவிலக்கம் இருப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இலக்கம் இருந்தால்தான் கடிதம் வந்து சேரும். ஒரு நீளமான நோட்டில் யாருக்கு என்ன எண் என்று எழுதி வைத்திருப்பேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன் முதலில் மேலாளரைப் பார்க்கிறானோ இல்லையோ, என்னைத் தேடி வருவான். "நம்பரக்கா, எனக்கு ஒரு நம்பர் போட்டுக் குடுங்கக்கா" என்பான். வயதில் மூத்தவர்களுக்கும் நான் நம்பரக்காதான்.

அப்புறம் ஒரு புது மேலாளர் வந்தார். எல்லாவற்றையும் தானியங்கிக்கு மாற்றிவிட்டார். யார் கணினியைத் திறந்தாலும் ஒரு இயந்திரமே எண் கொடுத்துவிடும். எனக்கு நாற்காலி இருந்தது, மேஜை இருந்தது, யாரும் வரவில்லை. காலையில் போய் உட்காருவேன், சாயங்காலம் எழுந்து வருவேன். ஓய்வுக்கு இரண்டு வருஷம் மிச்சம் இருக்கும்போதே விலகிவிட்டேன். அதை நினைத்து இப்போதும் எனக்கு வயிறு எரியும். மறைப்பானேன்.

வீட்டில் நானும் வாலுவும் மட்டும்தான். சின்ன வயதில் ஒரு இடத்தில் உட்காரமாட்டாள், அதனால் வாலு. அவளுடைய அப்பா பதினாலு வருஷத்துக்கு முன்னால் இரண்டு வருஷ ஒப்பந்தம் என்று சொல்லிவிட்டு வெளியூர் வேலைக்குப் போனார். தினமும் கணினியில் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளலாம் என்றார். பேசினார். தினமும் என்பது ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று, ஞாயிற்றுக்கிழமை என்பது பண்டிகை நாள் ஆயிற்று. கடைசி தடவை பேசும்போது நான், எப்போ வர்றீங்க என்று கேட்டேன். அவர் முகம் அப்படியே உறைந்துபோயிற்று. ஐயோ பாவம், அந்தப் பக்கம் இணைப்பு சரியில்லை என்று நினைத்தேன். அப்புறம்தான் பார்த்தேன். அவர் தலைக்குப் பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மனிதர் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் உட்கார்ந்திருந்தார். நம்பரக்காவின் புருஷன் நம்பரக்காவிடமே அந்த வேலையைக் காட்டினார் பாருங்கள். நான் திரையை மூடிவிட்டேன். வாலுவிடம் இன்றுவரை சொன்னதில்லை.

வாலுவின் தொழில் தட்டச்சு. காதில் கருவியை மாட்டிக்கொண்டு, கூட்டங்களில் பதிவு செய்த பேச்சைக் கேட்டுக் கேட்டு எழுதித் தருவாள். அப்படி ஒரு வேகம். நான் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்கும் முன் அதற்கு முற்றுப்புள்ளி வைத்துவிடுவாள். வேறொரு நகரத்தில் ஒரு நிறுவனம். காது கேளாதவர்கள் படிப்பதற்காக, மேடையில் பேசுவதை அங்கேயே அப்போதே திரையில் எழுதுகிற வேலை. அந்த வேலைக்குப் போகவேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. "அம்மா, நான் எழுதறத ஒருத்தர் அப்பவே படிச்சிட்டுச் சிரிப்பாரும்மா. யோசிச்சுப் பாரேன்" என்பாள். கூடப் படித்த தோழி ஒருத்தி அங்கே வேலை பார்க்கிறவள். சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட பெண். நாங்கள் கண்ணாடி என்றுதான் சொல்வோம். அவள்தான் இதற்கெல்லாம் தூண்டுகோல்.

தேர்வு முழுக்க வீட்டிலிருந்தே. கணினியில் முகம் பார்த்துப் பேசுவார்கள், அவர்கள் பேசப் பேச இவள் எழுதிக் காட்டவேண்டும். பதிவு செய்த அந்த ஒரு மடிக்கணினியில்தான் எழுதலாம், வேறு எதிலும் கூடாது என்று விதி.

அந்தச் சமயம் எங்கள் வீட்டு ரவுட்டர் பழுதாகிப் புதிது வந்தது. அதில் எல்லாம் தானாக எடுத்துக்கொள்ளும்படிதான் வைத்துக் கொடுத்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. என் வீட்டில் இருக்கிற நாலு சாமானுக்கு இயந்திரம் எண் கொடுக்கவேண்டுமா? நானே கையால் போட்டேன். வாலுவின் கணினிக்கு இருபத்தைந்து. அச்சு இயந்திரத்துக்கு இருபத்தாறு. தொலைக்காட்சிக்கு இருபத்தேழு. என் கைப்பேசிக்கு இருபத்தெட்டு போட்டிருக்கவேண்டும். இருபத்தைந்து போட்டுவிட்டேன். அலுவலகத்தில் என் எண் இருபத்தைந்து, டாக்டர். இருபத்தாறு வருஷம் அதுதான் நான். விரல் பழக்கத்தில் போய்விட்டது. இதை நீங்கள் நம்பவேண்டும். முதல் தடவை அது தவறுதான்.

இரண்டு கருவிக்கு ஒரே எண் இருந்தால் என்ன ஆகும் என்றால், ஒரே கதவிலக்கத்தில் இரண்டு வீடு. கடிதம் இங்கே கொஞ்சம் போகும், அங்கே கொஞ்சம் போகும். இரண்டு பக்கமும் தள்ளாடும். என் கைப்பேசியில் வைஃபையை நான் அணைத்தே வைத்திருப்பேன் என்பதால் தெரியவில்லை. முதல் தேர்வு நடந்த அன்று காலை, கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வாலு பிளந்துகட்டுகிறாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் குரலைப் பதிவு செய்து தம்பிக்கு அனுப்பலாமே என்று வைஃபையைப் போட்டேன். உள்ளே அவள் பேச்சு நின்றது. "ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்கிறாள். அவ்வளவுதான். பிறகு தேதி சொல்கிறோம் என்று அவர்கள் முடித்துக்கொண்டார்கள்.

ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டேன். பிழை என்னுடையதேதான். அவள் கணினியை மடியில் வைத்து, பட்டியலைத் திறந்து, "தானாக" என்ற இடத்தில் அம்புக்குறியையும் கொண்டுவந்துவிட்டேன். அழுத்தவேண்டியதுதான் பாக்கி. அப்போது அவள் வந்தாள். கணினியை நகர்த்திவிட்டு என் மடியில் தலையைப் போட்டுக்கொண்டாள். பத்து வயதுக்குப் பிறகு அப்படி வந்ததில்லை. "நீ மட்டும் இல்லேன்னா நான் என்னம்மா பண்ணுவேன்" என்று அழுதாள். நான் தலையைக் கோதிக்கொண்டிருந்தேன். முடி ஈரமாக இருந்தது. நல்ல கனம், தலை. அவள் தூங்கிய பிறகு கணினியை எடுத்து, ஒன்றையும் மாற்றாமல் மூடி வைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது தவறு இல்லை.

இரண்டாவது தேர்வு ஏழு வாரம் கழித்து. நான் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். இடையூறு செய்யவேண்டும் என்று எனக்கு எண்ணமே கிடையாது. எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. எழுத்துத் தேர்வு ஆரம்பிக்கும் முன் அந்த நிறுவனத்து அம்மாள், எப்போது வந்து சேர முடியும் என்று கேட்டார். நான் கத்தியைக் கீழே வைத்தேன். கொஞ்சம் யோசிக்கவேண்டும், அம்மாவிடம் கேட்கவேண்டும் என்பாள் என்று பார்த்தேன். "அடுத்த வாரமே வந்துடறேன் மேடம்" என்றாள். யோசிக்கவே இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தேன். வைஃபையைப் போடுவதற்கு ஒரு விரல் போதும்.

எழுத்துத் தேர்வு முழுமையாகவில்லை, முதலிலிருந்து விண்ணப்பியுங்கள் என்று கடிதம் வந்தது.

இணைப்பைப் பார்க்க ஆள் வரச்சொன்னதும் நான்தான். பெரிய மீசைக்காரர். வாலு கடைக்குப் போயிருந்த நேரத்தில் வந்தார். கணினியைத் திறந்து பார்த்துவிட்டு, "யாரும்மா இத கையால போட்டது? இந்தக் காலத்துல யாராவது நம்பர் போடுவாங்களா? ஆட்டோமேட்டிக்ல விட்டுடுங்க, அதுவா எடுத்துக்கும்" என்று சிரித்தார். அவரே மாற்றியும் வைத்தார். எனக்குச் சுருக்கென்றது. அவர் படி இறங்கும் முன் பழையபடி இருபத்தைந்து ஆக்கிவிட்டேன். வாலு வந்து கேட்டபோது, லைனில் ஒரு கோளாறும் இல்லையாம் என்று சொன்னேன். அது பொய் இல்லை. லைனில் கோளாறு இல்லைதானே.

திரை ஓரத்தில் சில சமயம் ஒரு சின்ன அறிவிப்பு வரும், இந்த எண்ணை வேறு ஒரு கருவியும் வைத்திருக்கிறது என்று. அவள் அதையும் காட்டிக் கேட்டாள். பழைய கணினி என்றால் அப்படித்தான் உளறும், நீ பாட்டுக்கு மூடிவிடு என்றேன். என் பேச்சை நம்பினாள். வீட்டில் இணையம் என்றால் அது என் இலாகா. இரண்டாம் வகுப்பிலிருந்தே அவளுக்கு அப்படிப் பழக்கம்.

ஒன்று சொல்லவேண்டும். அவளுடைய தினசரி வேலையில் நான் கைவைத்ததே இல்லை. அது அவள் பிழைப்பு. நான் அந்த மாதிரி ஆள் கிடையாது. கண்ணாடி கூப்பிட்டு, அங்கே வந்தால் என் அறையிலேயே தங்கிக்கொள், அப்படி இப்படி என்று ஆரம்பிக்கும்போது மட்டும் சில நாள் வைஃபையைப் போடுவேன். மூன்றாவது தேர்வில் ஒரு தடவை போட்டேன். நடுவில் இல்லை, ஆரம்பத்திலேயே. நடுவில் அறுந்தால் பிள்ளைக்கு ஏமாற்றம் அதிகமாக இருக்கிறது என்று கவனித்திருந்தேன்.

நாலாவது தேர்வுக்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். "இந்த வீட்லதாம்மா ஏதோ இருக்கு. நான் கண்ணாடி வீட்டுக்குப் போய் அங்கேர்ந்து பண்றேன்" என்றாள். கண்ணாடியைப் பெற்றவர்கள் வீடு நாலு நிறுத்தம் தள்ளி. அங்கே மூன்று கணினி ஓடுகிறது, இணைப்பு பிய்த்துக்கொண்டு போகும். நான் சரி என்றேன்.

இதை நீங்கள் புரிந்துகொள்ளவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். கையால் போட்ட எண் எங்கள் வீட்டு வரிசையில் உள்ள எண். இன்னொரு வீட்டு ரவுட்டர் வேறு வரிசையில் எண் கொடுக்கும். எங்கள் எண்ணோடு அங்கே போய் நின்றால் அந்த வீடு அவளைச் சேர்த்துக்கொள்ளாது. தள்ளாடக்கூடச் செய்யாது, ஒரேயடியாக ஒன்றும் வராது. நான் வைஃபையைப் போடவேண்டிய அவசியமே இல்லை. அது எனக்குத் தெரியும். மடிக்கணினியைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தேன். மின்கம்பியை மறந்துவிடப்போகிறாளே என்று அதையும் சுருட்டி வைத்தேன். தண்ணீர்ப் புட்டியும் வைத்தேன். வாசல்வரை போய், பயப்படாமல் செய்டா என்று சொல்லி அனுப்பினேன்.

மத்தியானம் திரும்பி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அவங்க எல்லாருக்கும் வருதும்மா. நான் தொட்டாத்தான் வரல" என்றாள்.

அந்த நாளிலிருந்துதான், டாக்டர். தேதி வேண்டுமானால் நாட்காட்டி பார்த்துச் சொல்கிறேன்.

எனக்கு அன்று தாங்கவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று நினைக்காதீர்கள். போதும், இந்தப் பிள்ளை எங்கே வேண்டுமானாலும் போகட்டும் என்று முடிவு பண்ணினேன். ஐந்தாவது தேர்வுக்கு முந்தைய நாள் அவள் கணினியைத் தானாக எண் வாங்கும்படி மாற்றினேன். என் கைப்பேசியை அணைத்து, பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். ஆம், அவ்வளவு தூரம் போனேன். என் கையை என்னாலேயே நம்ப முடியவில்லை.

அன்றைக்கு இணைப்பு ஸ்படிகம் மாதிரி இருந்தது. நாற்பது நிமிஷம், ஒரு விக்கல் இல்லை. நான் கதவு ஓரமாக நின்றேன். இந்தப் பக்கம் வாலு ஒரு வாக்கியம் சொல்வாள். உடனே, "கேக்குதா?" என்பாள். கேட்கிறது, சொல்லுங்கள் என்பார் அந்த அம்மாள். இன்னொரு வாக்கியம். "கேக்குதா மேடம்?" கேட்கிறதும்மா. பேச்சுத் தேர்வு முடிந்து எழுத்துத் தேர்வு வந்தது. அவர்கள் பேசுகிறார்கள், இவள் நாலு சொல் அடித்துவிட்டு விரலை எடுத்துவிடுகிறாள், வந்துதா, தெரியுதா என்று கேட்கிறாள். வருகிறது, எழுதுங்கள் என்கிறார்கள். அதற்குள் அவர்கள் பேச்சு எங்கேயோ போய்விடுகிறது. கடைசியில் அந்த அம்மாளின் குரலே மாறிப்போயிற்று. குழந்தையிடம் பேசுவது மாதிரி, "பரவாயில்லம்மா, இன்னிக்கு இத்தோட விட்டுடலாம்" என்றார்.

ஆக, அன்றைக்கு நான் ஒன்றுமே செய்யவில்லை. அதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவேண்டும். எல்லாப் பழியையும் என் தலையில் போட முடியாது.

அடுத்த வாரம் தட்டச்சு வேலையையும் நிறுத்திவிட்டாள். "நான் தொட்டா அதுவும் கெட்டுப்போயிடும்மா" என்றாள். பிறகு கணினியை மூடிப் பரணில் வைக்கச்சொன்னாள். பிறகு தொலைக்காட்சி. பிறகு அடுப்பு. ஒரு நாள் சாயங்காலம் நான் வெளியே போய்விட்டு வந்தபோது வீடு இருட்டிக் கிடந்தது. கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். விளக்கைப் போடக்கூடாதா என்றேன். "நீ போடும்மா. நான் போட்டா ஃப்யூஸ் போயிடும்" என்றாள், சாதாரணமாக. என் தம்பி பார்த்தது போன மாதம். எங்கள் குடியிருப்பில் மின்தூக்கி முன்னால் நின்றுகொண்டிருந்தாளாம். யாராவது வந்து பொத்தானை அழுத்துவார்கள் என்று முக்கால் மணி நேரம். அவன்தான் இழுத்துக்கொண்டு இங்கே வந்தான். நானாக இருந்தால் வந்திருக்கமாட்டேன்.

ஏனென்றால் வீட்டில் ஒரு கஷ்டமும் இல்லை. காலையில் நான் விளக்கைப் போடுகிறேன். வெந்நீர் நான் போடுகிறேன், தலை நான் துவட்டுகிறேன். "அம்மா, இத கொஞ்சம் போட்டுத் தாயேன்" என்று ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை கூப்பிடுகிறாள். நான் ஓடி ஓடிப் போகிறேன். முட்டி வலிக்கிறதுதான், ஆனால் முகம் சுளித்தது கிடையாது. பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள், இப்படி ஒரு தாயா என்பார்கள்.

நேற்று என் தம்பியிடம் நீங்கள் சொன்னது என் காதுக்கு வந்தது. இவளுக்கு மருந்து பாதிதான். தன் கையில் குற்றமில்லை என்பதற்குக் கண்ணால் பார்க்கிற மாதிரி ஒரு ஆதாரம் கிடைத்தால் பழையபடி எழுந்துவிடுவாள் என்றீர்களாம். ரொம்பச் சரி. நீங்கள் கெட்டிக்காரர். அந்த ஆதாரம் இதோ, என் கைப்பையில் இருக்கிறது. கைப்பேசியில் இன்னும் இருபத்தைந்துதான். பரணிலிருந்து கணினியை இறக்கி, அதிலும் பழையபடி இருபத்தைந்து போட்டு, அவளைக் கூப்பிட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும். அவள் புத்திசாலி, பாதி சொல்லும்போதே மீதி புரிந்துவிடும். இரண்டு நிமிஷம்கூட ஆகாது.

ராத்திரி முழுக்க அதைத்தான் யோசித்துப் பார்த்தேன். என் மேல் கோபப்படுவாளே என்பதெல்லாம் இல்லை. பெற்றவள்தானே, திட்டிவிட்டுப் போகட்டும். நான் யோசித்தது அவளைப் பற்றித்தான். அதனால்தான் உங்களிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். உங்கள் குறிப்பேட்டில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துக்கூடப் போடுகிறேன். அவளிடம் மட்டும் சொல்லவேண்டாம். அவளுக்குக் குணமாகி அவள் பாட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டால், அப்புறம் அந்தப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது, டாக்டர்?